18க்குப் பிறகு 21: ஐரோப்பாவின் பெரிய ரயில் நிலையங்களைப் படிப்பது எப்படி

சுவிட்சர்லாந்தின் சூரிச் முதன்மை நிலையத்தில் தடங்களை எண்ணிக்கொண்டே நடக்கும் புதியவர் ஓரிடத்தில் திகைத்து நின்றுவிடுவார். பெரிய கூடத்தை ஒட்டி 3ஆம் எண்ணில் தொடங்கும் தடங்கள் 18 வரை ஒழுங்காக வருகின்றன; அதன் பிறகு 19உம் இல்லை, 20உம் இல்லை. கையிலுள்ள அலைபேசியோ 32ஆம் தடம் என்கிறது. வண்டி புறப்பட ஏழு நிமிடம்தான் மிச்சம். வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால் இன்னும் சில தடங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணி அவர் அந்தப் பக்கம் ஓடுவார். அங்கே ஒன்றும் இராது. அவர் தேடும் 32ஆம் தடம், சற்று முன் அவர் கடந்து வந்த 4 முதல் 9 வரையிலான தடங்களுக்கு நேர் கீழே, நிலத்தடியில் இருக்கிறது.

சூரிச்சில் 21, 22 ஆகியவை புறநகர் மலைப்பக்கம் செல்லும் சிறு ரயில்களுக்கான நிலத்தடித் தடங்கள். 31 முதல் 34 வரை, 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லோவென்ஸ்ட்ராஸ நிலத்தடிப் பகுதி. 41 முதல் 44 வரை, 1990இல் நகர ரயில் சேவையோடு வந்த மியூசியம்ஸ்ட்ராஸ நிலத்தடிப் பகுதி. அது கட்டடத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. ஆக, பத்துகள் இடத்து இலக்கத்தைப் பார்த்த உடனே எந்தப் பகுதிக்கு, எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நடுவில் எண்கள் விட்டுப்போனது கவனக்குறைவால் அன்று. ஐரோப்பிய நிலையங்களில் தட எண்ணை ஒரு முகவரியாகப் படிக்க வேண்டும் என்பதுதான் தொடக்கக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

இதே முறையைப் பல ஊர்களில் காணலாம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மத்திய நிலையத்தில் மேல்தளத்தில் 1 முதல் 6, அதற்குக் கீழே 11 முதல் 14, இன்னும் கீழே 21 முதல் 24. 1905இல் திறந்த அந்த அரண்மனை போன்ற கட்டடத்தின் அடியில் சுரங்கம் குடைந்து, 2007இல் வண்டிகள் வந்த வழியே திரும்பாமல் ஊடுருவிச் செல்ல வழி செய்தபோது வந்த ஏற்பாடு அது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்தில் தரைமட்டத்தில் 1 முதல் 24. நிலத்தடியில் நகர ரயில்களுக்கு 101 முதல் 104.

பெர்லின் முதன்மை நிலையம் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 2006 மே மாதம் திறக்கப்பட்ட அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு ரயில் பாதைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே செல்கின்றன. கிழக்கு மேற்காக ஓடும் பழைய உயர்மட்டப் பாதை தெருவிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில். அங்கே 11 முதல் 16 வரையிலான தடங்கள், அவற்றில் 15உம் 16உம் நகர ரயிலுக்கு. வடக்கு தெற்காக ஓடும் சுரங்கப் பாதை தெருவிலிருந்து சுமார் 15 மீட்டர் ஆழத்தில். அங்கே 1 முதல் 8 வரை. இடையில் கடைகளும் உணவகங்களுமாக மூன்று தளங்கள். 13இல் இறங்கி 2இல் ஏற வேண்டியவர் உச்சித் தளத்திலிருந்து அடித்தளம் வரை இறங்க வேண்டும். பெட்டி படுக்கை அதிகமிருந்தால் நகரும் படிக்கட்டை விட வட்டமான கண்ணாடி லிஃப்டுகள் நல்லவை. ஆனால் எல்லோருக்கும் அதே எண்ணம் வரும் என்பதால் அங்கே கூட்டமும் இருக்கும்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எண் கொடுப்பது தண்டவாளத்துக்கு, நடைமேடைக்கு அன்று என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே நடைமேடையில் நின்று இடப்பக்கம் திரும்பினால் 5, வலப்பக்கம் திரும்பினால் 6. ஜெர்மன் மொழியில் ‘கிளைஸ்’, பிரெஞ்சில் ‘வுவா’, இத்தாலியனில் ‘பினாரியோ’, ஸ்பானியத்தில் ‘வியா’, டச்சில் ‘ஸ்போர்’ என்று எழுதியிருப்பவை எல்லாம் தடத்தைத்தான் குறிக்கின்றன. போலந்து இதில் தனி வழி. அங்கே நடைமேடைக்கு ஓர் எண், தண்டவாளத்துக்கு இன்னோர் எண். முன்னது ‘பெரோன்’, பின்னது ‘டோர்’. வார்சா மத்திய நிலையத்தில் நடைமேடைகள் 4, தடங்கள் 8. மூன்றாம் நடைமேடை என்பதை மூன்றாம் தடம் என்று எடுத்துக்கொண்டவர் வேறு நடைமேடையில் போய் நிற்பார். சுவரில் ஒட்டிய அட்டவணைகளில் நடைமேடையைப் பெரும்பாலும் ரோமன் எண்ணில் அச்சிட்டிருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். செக் நாட்டிலும் இரண்டுக்கும் இரண்டு சொற்கள் உண்டு.

முனையமா, ஊடுவழியா?

ஒரு நிலையத்தின் உருவத்தைத் தெரிந்துகொண்டால் அதற்குள் பாதி வழி தெரிந்த மாதிரி. உருவங்கள் இரண்டுதான். தண்டவாளங்கள் வந்து முட்டி நின்றுவிடுவது முனையம்; ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது ஊடுவழி நிலையம். ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், லைப்சிக், மிலான் மத்திய நிலையம், ரோமின் தெர்மினி, பாரிசின் பெரிய நிலையங்கள் எல்லாம் முனையங்கள். கொலோன், ஆம்ஸ்டர்டாம், வியன்னா முதன்மை நிலையம் ஆகியவை ஊடுவழி வகை.

முனையத்தில் எல்லாத் தடங்களும் ஒரு குறுக்குக் கூடத்தில் வந்து முடிகின்றன. சீப்பின் பற்களும் அவற்றை இணைக்கும் முதுகும் போல. எந்தத் தடத்திலிருந்தும் எந்தத் தடத்துக்கும் படி ஏறாமல், இறங்காமல் போகலாம். தூரம்தான் தொல்லை. இரண்டு தொடர்களாக இணைத்த ஜெர்மன் அல்லது பிரெஞ்சு அதிவேக வண்டி சுமார் 400 மீட்டர் நீளம். கடைசிப் பெட்டியில் வந்திறங்குபவர் அந்தத் தூரம் முழுவதும் நடந்துதான் கூடத்தையே அடைய முடியும். மியூனிக்கில் இன்னொரு சிக்கல்: 11 முதல் 26 வரை நடுக்கூடத்தில் இருக்க, 5 முதல் 10 வரையும் 27 முதல் 36 வரையும் இரு பக்கச் சிறகுகளில், சற்றுப் பின்வாங்கி இருக்கின்றன. ஒரு சிறகிலிருந்து மற்றொரு சிறகுக்குப் போக வேண்டிய இணைப்பு வண்டி என்றால், ஐந்து நிமிட இடைவெளியை நம்பிச் சீட்டு எடுக்கக் கூடாது.

ஊடுவழி நிலையத்தில் இதற்கு நேர்மாறு. தூரம் குறைவு, ஆனால் ஒவ்வொரு முறை தடம் மாறும்போதும் சுரங்கப் பாதையில் இறங்கி ஏற வேண்டும், அல்லது மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அந்தச் சுரங்கப் பாதைதான் அங்கே முதன்மைக் கூடம். கடைகளும் சீட்டு இயந்திரங்களும் பலகைகளும் அதிலேயே இருக்கும். நடைமேடையின் நடுவில் நின்று ‘வாசல் எங்கே’ என்று இரு பக்கமும் பார்த்துத் தவிப்பவர்கள், கீழே இறங்கினாலே போதும்.

முனையத்தின் இன்னொரு விளைவு வண்டிக்குள் இருப்பவர்களைத் திடுக்கிட வைக்கும். உள்ளே வந்த வண்டி, மேற்கொண்டு போக வேண்டுமானால், வந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று கிளம்பும் நெடுந்தூர வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியதும், வந்த ஊருக்கே திரும்புகிறதோ என்று சிலர் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வண்டி சரியாகத்தான் போகிறது. முன்பெட்டி பின்பெட்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி முட்டுச் சந்துகளாகக் கட்டினார்கள் என்ற கேள்வி எழும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகளைப் போட்டவை தனித்தனி நிறுவனங்களும் அரசுகளும். ஒவ்வொன்றும் தன் பாதையைத் தனக்கென ஓர் இடத்தில் கொண்டுவந்து முடித்தது. லண்டனின் நடுப்பகுதிக்குள் ரயில் முனையங்களை விடக் கூடாது என்று 1846இல் ஓர் அரச ஆணையமே பரிந்துரைத்தது. அதனால்தான் யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், பாடிங்டன் போன்ற நிலையங்கள் நகரின் நடுவைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. லைப்சிக்கில், அந்நாளைய ஜெர்மன் அரசுகளான பிரஷ்யாவின் ரயில்வேயும் சாக்சனியின் ரயில்வேயும் ஒரே கூரையின் கீழ் வரச் சம்மதித்தன. ஆனாலும் 1915இல் கட்டி முடித்த அந்த நிலையத்துக்கு ஒரே மாதிரியான இரண்டு நுழைவுக் கூடங்கள் வைக்கப்பட்டன, மேற்குக் கூடம் ஒருவருக்கு, கிழக்குக் கூடம் மற்றவருக்கு. இன்று அங்கே நண்பரைச் சந்திக்க ‘பெரிய படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுங்கள்’ என்று சொல்பவர்கள், எந்தப் படிக்கட்டு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர்கள் வைக்கும் பொறி

நிலையத்துக்குள் வழி தவறுவதை விட, தவறான நிலையத்துக்கே போய்விடுவது பெரிய இழப்பு. பாரிசுக்கு ஒரே முதன்மை நிலையம் என்று ஒன்று இல்லை. பெல்ஜியம், லண்டன் பக்கம் செல்ல ‘கார் து நோர்’, அதாவது வடக்கு நிலையம். ஸ்ட்ராஸ்பூர் பக்கம் செல்லக் கிழக்கு நிலையம். தெற்கே செல்ல ‘கார் த லியோன்’. மேற்குப் பிரான்சில் உள்ள பிரித்தானி, போர்தோ பக்கம் செல்ல மோன்பர்னாஸ். பெயரில் லியோன் இருப்பதால் கார் த லியோன் அந்த நகரில் இருக்கிறது என்று நினைத்து விடுதியைக்கூட அங்கே பதிவு செய்துவிடுபவர்கள் உண்டு. லியோனுக்குப் போகும் வண்டிகள் புறப்படும் பாரிஸ் நிலையம் அது. லியோன் நகரின் பெரிய நிலையத்துக்குப் ‘பார்தியூ’ என்று பெயர்.

வடக்கு நிலையத்தில் இறங்கித் தெற்கே போகும் வண்டியைப் பிடிக்க வேண்டியவர் நகரத்தையே கடக்க வேண்டும். அதற்கு நகர விரைவு ரயிலின் டி வழித்தடம் இருக்கிறது. நடுவில் ஷாத்தலே என்ற ஒரே நிறுத்தம், அடுத்தது கார் த லியோன். பயண நேரம் குறைவுதான். ஆனால் நிலத்தடியில் இறங்குவது, சீட்டு வாங்குவது, மேலே ஏறுவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குவது நல்லது. கார் த லியோனை அடைந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி: அங்கே முதல் கூடத்தின் தடங்களுக்கு எழுத்துகள், இரண்டாம் கூடத்தின் தடங்களுக்கு எண்கள். பலகையில் எழுத்து வந்தால் ஒரு கூடம், எண் வந்தால் மற்றொரு கூடம் என்று நினைவில் வைத்தால் போதும்.

பிரசல்ஸ் வேறு மாதிரி. அந்நகரம் தன் வடக்கு முனையத்தையும் தெற்கு முனையத்தையும் ஒரு சுரங்கத்தால் இணைத்து 1952இல் திறந்தது. இன்று உள்நாட்டு வண்டிகளில் பெரும்பாலானவை தெற்கு, மத்திய, வடக்கு மூன்றிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சிக்கல் மொழியில் வருகிறது. ‘மிதி’ என்பது பிரெஞ்சுப் பெயர், ‘ஸவுட்’ என்பது டச்சுப் பெயர். இரண்டும் அதே தெற்கு நிலையம். வெனிசில் மேஸ்த்ரே என்பது நிலப்பரப்பில் உள்ள நிலையம், கால்வாய்கள் உள்ள தீவுக்கு வேண்டியது சாந்தா லூசியா. ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரில் ஜெர்மனியில் இரண்டு ஊர்கள், ஒன்று மைன் ஆற்றங்கரையில், மற்றொன்று போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில். ஆகவே சீட்டில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் சிறு எழுத்துகளை விடாமல் படிக்க வேண்டும்.

பலகையும் நடைமேடையும்

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் சுவரில் ஒட்டிய அச்சு அட்டவணைகளில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. வெள்ளைத் தாளின் முன் நின்று தன் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும் பயணியை நாள்தோறும் எந்த நிலையத்திலும் பார்க்கலாம். நேரமெல்லாம் 24 மணிக் கணக்கு.

ஜெர்மன் நிலையங்களின் மின்னணுப் பலகை நீல நிறம், வெள்ளை எழுத்து. இடமிருந்து நேரம், வண்டியின் வகையும் எண்ணும், வழியில் உள்ள சில ஊர்கள், சேருமிடம், தட எண். பெரிய எழுத்தில் இருப்பது வண்டி போய்ச் சேரும் கடைசி ஊர். உங்கள் ஊர் நடுவில் இருந்தால், அது ‘யூபர்’ என்ற தலைப்பின் கீழ்ச் சிறிய எழுத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். (அது வாடகைக் கார் நிறுவனத்தின் பெயரன்று, ‘வழியாக’ என்று பொருள்.) எனவே ஊர்ப் பெயரைத் தேடாமல் வண்டி எண்ணையும் நேரத்தையும் தேடுவதே சிறந்த பழக்கம். அந்த வரியில் நிறம் தலைகீழாகி, வெள்ளைப் பட்டையில் நீல எழுத்துகள் நகர்ந்தால், ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்: தாமதம், தட மாற்றம், அல்லது வண்டி ரத்து. மொழி தெரியாவிட்டாலும் அந்த வெள்ளைப் பட்டையைக் கண்டதும் நின்று கவனிக்க வேண்டும்.

பிரான்சின் பெரிய முனையங்களில் தட எண்ணை முன்கூட்டியே சொல்வதில்லை. புறப்பட ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் வரும். அதுவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்க, எண் வந்த நொடியில் கூட்டம் மொத்தமாக நகரும். அங்கே அதிவேக வண்டிகளின் கதவுகள் புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், சீட்டில் உள்ள நேரத்தை நம்பி ஓடி வருபவர் மூடிய கதவைத்தான் பார்ப்பார்.

சரியான தடத்துக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 400 மீட்டர் நடைமேடையில் எங்கே நிற்பது? ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நடைமேடைக்கு மேலே ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்தின் கீழ் நிற்கும் என்பதை மின்பலகையில் வண்டியின் படமாகக் காட்டுவார்கள். அந்தப் படத்தை நம்பி ஒருமுறை ஜி எழுத்தின் கீழ் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். ‘உம்கெகேர்ட்ட வாகன்ரையுங்’ என்ற அந்தச் சொற்றொடருக்குப் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன என்று பொருள் என்பதை, பெட்டிகளின் ஊடே மூச்சு வாங்கியபடி என் இருக்கையைத் தேடிப்போனபோது ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்படி ஆனாலும் அஞ்ச வேண்டியதில்லை. அருகிலுள்ள கதவில் ஏறி உள்ளேயே நடந்துகொள்ளலாம்.

ஒரே விதிவிலக்கு, நடுவழியில் இரண்டாகப் பிரியும் வண்டி. பெர்லினிலிருந்து மேற்கே வரும் சில அதிவேக வண்டிகள் ஹாம் என்ற ஊரில் பிரிகின்றன. ஒரு பாதி வுப்பர்டால் வழியே கொலோனுக்கும், மறுபாதி டார்ட்மண்ட், எஸ்ஸன் வழியே டூசல்டார்ஃப் பக்கமும் போகும். இரு பாதிகளுக்கும் இடையே உள்ளே நடக்க வழி கிடையாது. ஆம்ஸ்டர்டாமிலோ ஒரே தடத்தின் இரு பாதிகளுக்கு ஏ, பி என்று பெயர். 4ஏ பகுதியில் ஒரு வண்டியும் 4பி பகுதியில் வேறு ஊருக்குப் போகும் இன்னொரு வண்டியும் ஒரே நேரத்தில் நிற்கலாம். எண் சரியாக இருந்தும் எழுத்தைப் பார்க்காமல் ஏறியவர் எங்கே போய்ச் சேருவார் என்பது அந்த வண்டியின் விருப்பம்.

நடைமேடைக்குள் நுழையும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் தடுப்பு ஏதும் இல்லை; தெருவிலிருந்து நேரே தண்டவாளம் வரை போகலாம். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் மிலானிலும் சீட்டைக் காட்டினால் திறக்கும் தானியங்கிக் கதவுகள் உண்டு. ஸ்பெயினில் அதிவேக வண்டிக்குப் பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்க வேண்டும். லண்டன் செல்லும் யூரோஸ்டார் வண்டிக்கு விமான நிலையம் போலவே: பாரிஸ் வடக்கு நிலையத்தின் மாடியில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரும் சில அடி தள்ளிப் பிரிட்டன் அதிகாரி ஒருவரும் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். கழிப்பறைக்கும் லாக்கருக்கும் பெரும்பாலான பெரிய நிலையங்களில் காசு கொடுக்க வேண்டும்.

வெளியேறும் வாசலைத் தேர்ந்தெடுப்பதையும் அலட்சியம் செய்யக் கூடாது. ‘ஆவுஸ்காங்’, ‘சோர்தி’, ‘உஷீத்தா’, ‘சலீடா’ என்று எழுதியிருப்பவை எல்லாம் வெளிவாசல்கள். ஆனால் ஒரு பெரிய நிலையத்தின் இரு வாசல்களுக்கு இடையே அரை கிலோமீட்டர் இருக்கலாம். பாரிஸ் வடக்கு நிலையத்தின் முகப்பு வழியே வந்தால் கற்சிலைகள். அங்கே போகாமல், நிலத்தடியில் 2ஆம் எண் மெட்ரோ வழித்தடத்துக்கான பலகையைப் பின்பற்றி நீண்ட நடைவழியில் போனால், வெளியே வரும் இடம் ஈழத்தமிழர்கள் ‘லாச்சப்பல்’ என்று சொல்லும் லா ஷாப்பேல். படி ஏறித் தெருவுக்கு வந்ததும் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துகள் தெரியும்; அதற்குப் பிறகு வழியைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.